வசந்தாவாக வந்தவர்

அவருடைய முகத்தைவிட, அவர் எழுந்து போன பிறகு இருந்த நாற்காலிதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பச்சை ரெக்சின் போட்ட பழைய மர நாற்காலி. பின்னால் வெள்ளையடித்த சுவர். வேறு ஒன்றும் இருக்காது. புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் ஆறு பெண்கள், தண்ணீர் கேனில் சாய்த்துவைத்த ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நிமிடம் ஆகும். சில நாள் இரண்டு. பிறகு ஆள் வந்து உட்காரும். எழுந்து போனவர் எங்கள் மேடம். வந்து உட்காருகிறவள் வசந்தா.

இரண்டும் ஒரே ஆள்தான். அதே பருத்திச் சேலை, அதே கண்ணாடி. ஆனால் மேடம் உட்கார்ந்தால் நாற்காலி சின்னதாகத் தெரியும். வசந்தா உட்கார்ந்தால் அதே நாற்காலி பெரிதாகிவிடும். மேடம் எங்களை அக்கா என்பார். வசந்தா சிஸ்டர் என்பாள், வீடுகளில் எங்களை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி. மேடம் சிரிப்பார். வசந்தா சிரித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் பம்மலில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண்கள். கொரோனா அடங்கிய சமயம், இனிமேல் ஜனங்களின் மனசையும் நாங்களே பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். ஒன்பது கேள்வி அச்சடித்த படிவம் ஒன்று கொடுத்தார்கள்; ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க் போட வேண்டும். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று ஆரம்பித்து எட்டு வரை சிரமமில்லாமல் போகும். ஒன்பதாவதில்தான் இருக்கிறது வில்லங்கம். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுப் பழக, வாரம் ஒரு தடவை ஆன்லைனில் ஒரு மேடம் வருவார் என்றார்கள்.

ஸ்கிரீனில் அவர் பெயர் வராது. ‘மென்டர் த்ரீ’ என்று வரும். பெயர் கேட்டதற்கு, “மேடம்னே கூப்பிடுங்க, போதும்” என்றார். எந்த ஊர் என்று கேட்டோம். “ரொம்ப தூரம் இல்ல” என்று சிரித்தார். பெங்களூர் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். இவ்வளவு படித்தவர்கள் பெங்களூரில்தான் இருப்பார்கள் என்பது எங்கள் ஆறு பேரில் ஒருவரான கஸ்தூரி அக்காவின் கணிப்பு.

எனக்கு முதல் வாரமே அவரைப் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். எனக்கு அப்போது நாற்பத்தாறு. பம்மலில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு சரி என்பதுவரை எனக்குத் தெரியும். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பெண் எனக்கு என்ன சொல்லித் தரப்போகிறது என்று இருந்தது. வாய்த்துடுக்கு எனக்குக் கொஞ்சம் அதிகம். “மேடம், நீங்க எத்தன வீடு ஏறி இறங்கியிருக்கீங்க?” என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “ஒரே ஒரு வீடுதான் அக்கா” என்றார். “வாங்க, அந்த வீட்டுக்குப் போலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வசந்தா வந்தாள்.

மற்ற வகுப்புகளிலும் நடிக்கச் சொல்வார்கள். ஒருத்தி நோயாளி, ஒருத்தி பணியாளர். பேப்பரைப் பார்த்துப் படித்து, நடுவில் சிரித்து, டீ வந்ததும் முடித்துக்கொள்வோம். மேடத்திடம் அது நடக்காது. நோயாளி எப்போதும் அவர்தான். எங்களில் ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும், மற்ற ஐந்து பேர் நோட்டில் எழுத வேண்டும். கேட்டு முடித்ததும், “நன்றிங்க, அடுத்த வாரம் வந்து பாக்கறேன்” என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் காதில் விழுந்தால்தான் வசந்தா எழுந்து போவாள், மேடம் திரும்பி வருவார். சொல்லாதவரை வசந்தா உட்கார்ந்தே இருப்பாள்.

ஒரு நாள் கஸ்தூரி அக்கா அந்த வாக்கியத்தை மறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் சூப்பர்வைசர் சார் உள்ளே வந்து டேப்லெட்டின் முன் குனிந்து, “மேடம், இந்த மாச ரிப்போர்ட் அனுப்பிட்டேன், பாத்தீங்களா?” என்றார். வசந்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “யாரு சிஸ்டர் இவரு? ஆம்பளைங்க வருவாங்கன்னு நீங்க சொல்லலியே” என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான்தான் அவசர அவசரமாக நன்றிங்க, அடுத்த வாரம் என்று சொல்லி முடித்துவைத்தேன். நாற்காலி காலியானது. ஒரு நிமிடம் கழித்து மேடம் வந்து, “சார், ரிப்போர்ட் வந்துச்சு” என்றார், இயல்பாக.

வெளியே வந்ததும் கஸ்தூரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாடி ஸ்டெல்லா இது, சாமி வந்தா மாதிரி கீது? நம்ம அதாண்ட கேள்வி கேக்கணுமா, குறி கேக்கணுமா?”

நாங்கள் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை யாரும் மறக்கவில்லை.

ஒன்பதாவது கேள்வி விஷயத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக வந்தது. வெள்ளிக்கிழமை கேட்க மாட்டோம். விளக்கேற்றிய வீட்டில் கேட்க மாட்டோம். மற்ற நாட்களிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கேட்பதில்லை. எழுந்து வந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “அந்த மாதிரி நெனப்பெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?” என்று தலையை நாமே இல்லை என்று ஆட்டிக்கொண்டு கேட்போம். அவர்களும் ஆட்டுவார்கள். பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த வீடு. நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு வெள்ளி செவ்வாய் கிடையாது. ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஆண்டவரே என்று மனசுக்குள் ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, கேட்காமலே இறங்கி வந்துவிடுவேன்.

தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து, கம்பெனி மூடியதும் வீட்டோடு முடங்கிவிட்ட ஒருவர் என் ஏரியாவில் இருந்தார். அவருடைய படிவத்தை ஒரு புதன்கிழமை மேடத்துக்குக் காட்டினேன்.

“ஒம்பதாவதுக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்க அக்கா. அதச் சொல்லும்போது அவர் கை எங்க இருந்துச்சு?”

“கையா மேடம்?”

“ஆமா, கை.”

எனக்குத் தெரியவில்லை. செருப்பு வாரை மாட்டக் குனிந்திருந்தவளுக்கு அவர் கை எப்படித் தெரியும்?

“நீங்க கேக்கவே இல்ல” என்றார்.

“அன்னிக்கு வெள்ளிக்கிழமை மேடம். அந்த வீட்ல அப்பதான் விளக்கேத்தி…”

“அவருக்கு வெள்ளிக்கிழமை முடிஞ்சு சனிக்கிழமை வரணும் இல்லக்கா?”

அந்தக் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். “கேட்டா யாரும் சாக மாட்டாங்க அக்கா. யாராவது கேக்க மாட்டாங்களான்னு உக்காந்திருப்பாங்க. கேட்டுட்டு நீங்க பேசாதீங்க, மூச்சு மட்டும் விடுங்க. அவங்க பதில் சொல்ற வரைக்கும் காத்திருங்க” என்றார்.

மறுநாளே போனேன். உள்ளே உட்கார்ந்து, நேராகக் கேட்டேன். மூச்சு மட்டும் விட்டேன். அவர் கை லுங்கியின் கரையைத் திருகிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து எழுந்துபோய், பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். “இத நீயே எடுத்துக்கினு போயிடும்மா. இங்க இருந்தா என் கண்ணு அங்கயே போவுது” என்றார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, இப்போது அவர் ஒரு கடையில் வேலைக்குப் போவது எல்லாம் தனிக் கதை.

அடுத்த புதன்கிழமை இதைச் சொன்னபோது மேடம் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கவாட்டில், எங்களுக்குத் தெரியாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கேட்டு அவர் குடுத்தாரா, தானா குடுத்தாரா?”

“நான் கேட்டதுக்கு அப்புறம்தான் மேடம்.”

“ம். கேட்டா குடுத்துடுவாங்க” என்றார். அதை எங்களிடம் சொன்னதாகத் தோன்றவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்; கூடவே உள்ளுக்குள் ஒரு உறுத்தலும் தொடங்கியது.

வசந்தா வாரா வாரம் வளர்ந்துகொண்டே போனாள். வீட்டுச் சூழல் என்று நோட்டில் ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழே எழுதி எழுதிப் பக்கம் நிறைந்துவிட்டது. மாடி வீடு. பதினேழு படி, நாலாவது படி உடைந்தது. கீழே மாவு மெஷின்; அது ஓடினால் மேலே டம்ளரில் தண்ணீர் நடுங்கும். ஜன்னலைத் திறந்தால் ஒரு மலை, மலைமேல் கோயில். கோயிலுக்குப் போனதுண்டா என்று கேட்டால், “மலை இங்க வரட்டும் சிஸ்டர்” என்பாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கீழே இறங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பாள், எண்ணிக்கை முடியாது. ஒவ்வொரு வாரமும் இதே ஆள், இதே வீடு. எதற்கு மேடம் ஒரே நோயாளி, மாற்றலாமே என்று ஒருத்தி கேட்டதற்கு, “இவங்க இன்னும் சரியாகலியே” என்றார்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். பம்மல்காரர்களுக்கு இது புதிதல்ல. தலைக்கு மேலேயே பிளேன் போகிற ஊர் எங்களுடையது. கல்யாணப் பேச்சானாலும் கடன் பேச்சானாலும் பிளேன் போகும்வரை வாயை மூடிக்கொண்டு, அது போன பிறகு தொடர்வோம். எங்கள் அறைக்கு மேல் பிளேன் போகும்போது நாங்கள் நிறுத்துவோம். சில விநாடி கழித்து வசந்தாவும் நிறுத்துவாள். எங்கள் பக்கத்துச் சத்தம் அவருக்குக் கேட்கிறது, நெட்வொர்க் தாமதமாகிறது என்று நினைத்தோம். அந்த ஆப்பில் பேச்சு மட்டும்தான் வரும், பின்னால் கேட்கும் சத்தம் எதுவும் வராது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை கஸ்தூரி அக்காவின் முறை. எட்டுக் கேள்வி முடிந்தது. ஒன்பதாவதுக்கு அக்கா வாயைத் திறக்கும்போது கரண்ட் போனது. டேப்லெட்டில் சார்ஜும் இல்லை. ஸ்கிரீன் அணைவதற்கு முன்னால் கடைசியாகத் தெரிந்தது நாற்காலியில் வசந்தாதான்; கேள்விக்காகக் காத்திருப்பவள்போல முகத்தை நிமிர்த்தியிருந்தாள். வகுப்பு சீக்கிரம் விட்டது என்று நாங்கள் சந்தோஷமாகக் கலைந்தோம். நான் போகிற வழியில் மீன் வாங்கிக்கொண்டு போனேன். அந்த மீன் குழம்பின் ருசிகூட இன்னும் நினைவிருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். பிரஷர் மெஷின் பையோடு ஒரு சந்தில் நடந்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

“சிஸ்டர், வசந்தா பேசுறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்று நின்றுபோனதை இன்று போனில் வைத்துப் பரீட்சை நடத்துகிறார் என்று நினைத்தேன். வெயிலில் மனுஷி அலைந்துகொண்டிருக்கும்போதா பரீட்சை? இருந்தாலும் மார்க்கை விடுவானேன் என்று, பிரஷர் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டே முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். தூக்கம் எப்படி? வரவில்லை. பசி? மறந்துபோச்சு. எல்லாவற்றுக்கும் அதே சன்னமான குரல். எட்டு முடிந்தபோது எனக்கு மேலே பிளேன் வந்தது.

“கொஞ்சம் இருங்க, பிளேன்” என்று சொல்லி நிறுத்தினேன். அது தலையை உரசுகிற மாதிரி போய் முடிந்தது. சந்து அமைதியானது. நான் வாயைத் திறந்தேன். அப்போது போனுக்குள் பிளேன் வந்தது.

அதே இரைச்சல். மெல்ல ஆரம்பித்து, காதை அடைத்து, தேய்ந்து போனது. வசந்தாவும் அது போகும்வரை பேசவில்லை.

நான் அந்தச் சந்தில் அப்படியே நின்றுவிட்டேன். என் தலைக்கு மேல் போன பிளேன் பெங்களூரில் ஏழு விநாடியில் கேட்காது. அது திருநீர்மலைப் பக்கம் போன பிளேன். எனக்கு மேற்கே, நடந்து போகிற தூரத்தில், இவள் இருக்கிறாள். மலை. மலைமேல் கோயில். கீழே மாவு மெஷின். அந்தப் பக்கம் மாவு மெஷின் ஒன்றே ஒன்றுதான். மாதம் இரண்டு தடவை அந்தத் தெருவுக்கு நான் போகிறேன்.

பேனாவைப் பையில் போட்டேன்.

“வசந்தா, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?”

அப்புறம் மூச்சு மட்டும் விட்டேன். ஒரு மோட்டார் சைக்கிள் என்னைத் தாண்டிப் போனது. யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள்.

“காலைலேருந்து அஞ்சு பேர்கிட்ட பேசிட்டேன் சிஸ்டர்” என்றாள். “நாலு பேரு அப்புறம் பேசறேன்னு வச்சிட்டாங்க. கஸ்தூரி சிஸ்டர் மட்டும் ஒம்பதாவது வரைக்கும் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். நன்றிங்க, அடுத்த வாரம் வந்து பாக்கறேன்னு சொல்லி வச்சிட்டாங்க. அதச் சொன்னா நான் எழுந்திருக்கணும் இல்ல? எழுந்து பாத்தேன். எழ வரல. நேத்து மத்தியானத்துலேருந்து இங்கயே உக்காந்திருக்கேன்.”

“லைன்லயே இருங்க. நான் வர்றேன்.”

“நீங்களும் அதச் சொல்லிடுங்க சிஸ்டர். இன்னொரு தடவ எழுந்து பாக்கறேன்.”

“சொல்ல மாட்டேன்” என்றேன். “நான் முடிக்கல. லைன்லயே இருங்க.”

முழங்கால் வலிக்காரி நான். அன்றைக்கு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் ஏதேதோ கேட்டேன். தண்ணீர் குடித்தீர்களா, ஜன்னல் திறந்திருக்கிறதா, மலை தெரிகிறதா. தெரிகிறது என்றாள். எனக்கும் தெரிந்தது. மாவு மெஷின் கடையில் இருந்த அம்மாவிடம், மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“வசந்தாவா? மேலதான் கீது. ரெண்டு வருசமா கீது, கீய எறங்கி நான் பாத்ததே இல்ல. இன்னா, எதுனா பிரச்சினையா?”

அந்த அம்மா அந்தப் பெயரைச் சர்வசாதாரணமாகச் சொன்னதுதான் என்னை ஆட்டிவிட்டது. அதுவரை அது நாங்கள் ஆறு பேர் மட்டும் கேட்ட பெயர் என்று நினைத்திருந்தேன். படி ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

“நாலாவது உடைஞ்சிருக்கு சிஸ்டர், பாத்து” என்றது போன். அதே குரல் மேலே, திறந்திருந்த கதவுக்குள்ளிருந்தும் கேட்டது. நோட்டில் எழுதியிருந்தபடி பதினேழு படி.

பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே லேப்டாப், ஸ்கிரீன் இருட்டாக. ஒரு வருஷமாக நான் பார்த்த சுவரை அன்றைக்கு வேறு பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். மடியில், முந்தானை நுனியை முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் முடிச்சு போட்டு, பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். செருப்போடு உள்ளே வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“வீட்ல ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா? எங்கிட்ட குடுத்துடுங்க.”

மேஜை இழுப்பறையைக் கண்ணால் காட்டினார். அதில் இருந்ததை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது என்ன என்று எழுதப் போவதில்லை. கேட்டதும் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். அவர் போனிலிருந்து அவருடைய அண்ணனைக் கூப்பிட்டேன். செங்கல்பட்டு தாண்டி ஒரு ஊர், வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். சூப்பர்வைசர் சாரிடமும் சொன்னேன். அந்த இரண்டு மணி நேரமும் நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிளேன் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரிக்கு மாற்றுத் துணி எடுக்க உள் அறைக்குப் போனேன், அவரைப் பார்வையிலிருந்து விடாமல். வகுப்பில் அவர் எழுந்து போகும்போது எங்கே போகிறார் என்று பல நாள் யோசித்ததுண்டு. அந்த அறையில் எதுவுமே இல்லை. கட்டில் இல்லை, பாய் இல்லை, கொடிகூட இல்லை. தரை முழுக்கத் தூசி. நடுவில் மட்டும், ஒரு ஆள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கிற அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது. அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வசந்தாவாகவும் மேடமாகவும் திரும்பி வந்திருக்கிறார். நான் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் எழுதிக்கொடுத்த பெயர் வேறு. வசந்தா யார் என்று கேட்டேன். “அப்டி யாரும் எங்க வீட்ல இல்லீங்களே” என்றார்.

கஸ்தூரி அக்கா நாலு நாள் சாப்பிடவில்லை. “பரிச்சைன்னு நெனச்சிக்கினு மூணு மார்க்கு போட்டேன்டி. அது சாவறேன்னு சொல்லிக்கினு கீது, நான் மார்க்கு போட்டுக்கினு கீறேன்” என்று என் தோளில் விழுந்து அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரியும், நானும் மார்க் போட்டுக்கொண்டிருந்தவள்தான். அந்த பிளேன் ஐந்து நிமிடம் தாமதமாகியிருந்தால், நானும் நன்றிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது, நான் கேட்கவும் இல்லை.

அவர் தேறினார். சில மாதம் ஆஸ்பத்திரி, பிறகு அண்ணன் வீடு. எங்கள் வகுப்புக்கு ‘மென்டர் ஃபோர்’ வந்தார். நல்ல பெண், பேப்பரைப் பார்த்துப் படிக்கும், டீ வந்ததும் முடித்துக்கொள்ளும். நான் மட்டும் புதன்கிழமை இரண்டு மணிக்குப் பழைய மேடத்துக்குப் போன் செய்வதை விடவில்லை. முதல் தடவை அவர் பேசியபோது, “அன்னிக்கு நீங்க முடிச்சு வைக்கல, ஸ்டெல்லாக்கா” என்றார். ஆமாம் மேடம் என்றேன். “முடிச்சிடாதீங்க” என்றார். அன்றிலிருந்து அடுத்த வாரம் என்ற சொல்லை நான் அவரிடம் சொன்னதில்லை. பேசுவோம், கடைசியில் ஒன்பதாவது கேள்வியைக் கேட்பேன். “இல்லக்கா. கை மடியில இருக்கு, சும்மாதான் இருக்கு” என்று சிரிப்பார். வைத்துவிடுவோம். இத்தனை வருஷமாக இப்படித்தான்.

போன புதன்கிழமையும் கூப்பிட்டேன். அண்ணன் மகளுக்கு வரன் பார்ப்பது, கத்தரிக்காய்ச் செடியில் பூச்சி விழுந்தது எல்லாம் சொன்னார். அந்தச் செடிக்கு என்ன தெளிப்பது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டார்.

போனில் எந்தச் சத்தமும் இல்லை. அந்த ஊரில் பிளேன் உயரத்தில் புள்ளியாகப் போகும், சத்தம் கீழே வராது. எனக்கு மேலேயும் அப்போது எதுவும் போகவில்லை. இருந்தாலும் நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு பிளேன் போய் முடிகிற நேரம் ஆனது. பிறகு ஒன்பதாவது கேள்வியைக் கேட்டேன்.

“இல்ல” என்றார். கொஞ்சம் கழித்து, சன்னமாக, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சிஸ்டர்.”

“லைன்லயே இருங்க. அண்ணன்கிட்ட போனைக் குடுங்க, நான் கிளம்பிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே, தாம்பரத்தில் அடுத்த செங்கல்பட்டு ரயில் எத்தனை மணிக்கு என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி, காலால் செருப்பைத் தேடினேன்.